சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்

ஹடப்சர், புனே
8 செப்டம்பர் 2025

சோனியா அப்பாவுக்கு,

வேதநாயகி எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சண்டை போட எழுதவில்லை. போனில் என்றால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான். விலாசம் சோனியா தந்தாள். சாகணில் உங்கள் அறையில் இருக்கிற நாலு பேருக்கும் தமிழ் படிக்க வராதாம். நல்லதாய்ப் போயிற்று.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சோனியாவுக்கு இது ஐந்தாம் மாதம். நாக்பூரில் மருமகன் அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடுவதில்லையாம்.

விஷயம் இதுதான். நம் குடியிருப்பு சொசைட்டியின் புல்வெட்டும் டிராக்டர் சாகக் கிடக்கிறது. நீங்கள் பத்து வருஷம் ஓட்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து வைத்திருந்த அதே சிவப்பு வண்டிதான். ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். மெக்கானிக் வந்து பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார். அவர் ஓட்டிக் காட்டும்போது குதிரை மாதிரி ஓடுகிறது. அவர் கேட்டைத் தாண்டினதும் நிற்கிறது. எனக்கு அழுகையாக வருகிறது.

மழை விட்டபாடில்லை, புல் முழங்கால் உயரம். செக்ரட்டரி பேண்ட்ஸே சாஹேப், "பதினாலு வருஷ வண்டி, இனிமே ரிப்பேர் வேண்டாம். புது வண்டியோட ஒரு காண்ட்ராக்டர் வரான், டிரைவரும் அவனே கொண்டாருவான்" என்கிறார். அக்டோபர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் முடிவு. அப்படி ஆனால் நான் மறுபடி துடைப்பத்தைத் தூக்க வேண்டியதுதான். கமிட்டியில் ஒருத்தர் என் காதுபடவே, "பொம்பள ஓட்டினா வண்டி இந்த கதிதான்" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வண்டியின் நாடி தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். பழுது பார்த்தால் தேறுமா, இல்லை மாற்றுவதுதான் சரியா? அதை மட்டும் எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
வேதநாயகி


சாகண்
13 செப்டம்பர் 2025

வேதநாயகிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கேட்டதற்குப் பதில்: மாற்றிவிடச் சொல். பதினாலு வருஷம் உழைத்தது போதாதா அந்த வண்டி?

ஆனாலும் அதைப் பற்றி என்னிடமே கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? இரண்டு வருஷம் எட்டு மாசத்துக்கு முன்னால், "பெட்ரோல் எங்கய்யா போகுது?" என்று அந்தப் பேண்ட்ஸே எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார். சாவியை அவர் மேஜையில் விட்டெறிந்தேன். நீயும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வருவாய் என்று கேட்டில் நின்றேன். நீ வரவில்லை. மறுநாள் காலையில் நான் எறிந்த சாவியை எடுத்து, என் சீட்டில் ஏறி உட்கார்ந்தாய். சொசைட்டியே வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு விட்டேன் வீட்டை.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மெஸ்ஸில் மூன்று வேளையும் சப்பாத்தி. சாம்பார் என்று ஒன்று ஊற்றுகிறான், அதில் சர்க்கரை போடுகிறான் படுபாவி.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

சின்னதுரை

பி.கு.: எந்தெந்த இடத்தில் நிற்கிறது? மேட்டிலா, சமதளத்திலா? பிளேடு சுற்றும்போதா, சும்மா போகும்போதா? யார் ஓட்டும்போது? ஒன்றுவிடாமல் எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


ஹடப்சர்
19 செப்டம்பர் 2025

சோனியா அப்பாவுக்கு,

சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்றாலும் கேட்டீர்களே, அதுவே பெரிசு.

மூன்று இடத்தில் தவறாமல் நிற்கிறது. வேப்பமரத்து வேர் மேல் ஏறும்போது, பிள்ளைகள் விளையாடுகிற இடத்துச் சரிவில், சாக்கடை மூடிப் பக்கத்துப் பள்ளத்தில். பிளேடு சுற்றும்போதுதான் நிற்கிறது. அதுவும் நான் ஓட்டும்போது மட்டும். நேற்று வாட்ச்மேன் பரமசிவம் அண்ணனை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். அவர் தொண்ணூற்றிரண்டு கிலோ, உட்கார்ந்தால் சீட்டே வெளியே தெரியாது. மைதானம் முழுக்க ஒரு சுற்று வந்தார், ஒரு இடத்தில்கூட நிற்கவில்லையே! "உனக்குத்தான் கை ராசி இல்லம்மா" என்று சிரிக்கிறார். வண்டிக்கும் என்னைப் பிடிக்காமல் போயிற்று போலிருக்கிறது.

இனி சாவி விஷயம். நான் ஏன் அதை எடுத்தேன் என்று இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? சோனியா கல்யாணத்தை முன்னிட்டுத்தான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். அது பொய். எனக்கு அந்த வண்டியை ஓட்ட ஆசை. அவ்வளவுதான். பத்து வருஷம் நீங்கள் முன்னால் ஓட்டிக்கொண்டு போக, நான் பின்னால் குனிந்து குனிந்து வெட்டின புல்லை வாரினேன். ஒரு நாளாவது, "நீயும் ஏறிப் பாக்கிறியா?" என்று கேட்டதுண்டா? நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக அதில் உட்கார்ந்தபோது எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டு போன துக்கம் ஒரு பக்கம் இருந்தது, இந்தச் சந்தோஷமும் இருந்தது. இரண்டும் நிஜம்.

உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஏறினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஏறியதற்குக் கேட்க மாட்டேன்.

வேதநாயகி


சாகண்
24 செப்டம்பர் 2025

வேதாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். சாவி விஷயம் இருக்கட்டும். முதலில் ஒரு கேள்வி, மழுப்பாமல் பதில் எழுது. இப்போது உன் எடை என்ன?

ஏன் கேட்கிறேன் என்றால், தப்பு என்னுடையது. அந்த சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் உட்கார்ந்து சீட் அமுங்கினால்தான் பிளேடு சுற்றும். ஓட்டுகிற ஆள் தவறி விழுந்தால் சீட் எழும்பி இஞ்சின் நின்றுவிடும், கால் பிழைக்கும். கம்பெனிக்காரன் போட்ட ஸ்பிரிங் என் எண்பத்தைந்து கிலோவைத் தாங்காமல் சப்பையாகப் போயிற்று. நான்தான் பழைய சாமான் கடையில் ஒரு முரட்டு ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை வாங்கி, வெட்டி, என் எடைக்குத் தக்கபடி மாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வேறு யாராவது அதில் உட்காருவார்கள் என்று நான் நினைத்தால்தானே?

நீ அறுபத்தொரு கிலோ. அதற்கு எப்படியோ அமுங்கியிருக்கிறது, ஓடியிருக்கிறது. இப்போது குலுங்குகிற இடத்தில் எல்லாம் சீட் எழும்பிவிடுகிறது, ஆள் இல்லை என்று வண்டி நின்றுவிடுகிறது. பரமசிவத்துக்கு நிற்கவில்லை. மெக்கானிக்குக்கு நிற்கவில்லை. வண்டிக்கு ஒரு கேடும் இல்லை வேதா. உனக்கு என்ன ஆச்சு?

மீட்டிங் வரைக்கும் பத்துக் கிலோ ஆட்டா மூட்டையை சீட்டில் உன் முதுகுக்குப் பின்னால் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டு. சுவிட்சை எடுத்துவிட்டு ஒயரை நேரே முடிந்துவிடலாம் என்று எவனாவது சொன்னால் செருப்பைக் கழற்று. பழுதுதான் பார்க்க வேண்டும், மாற்ற வேண்டாம். போன கடிதத்தில் வீம்புக்கு எழுதிவிட்டேன்.

பத்து வருஷத்தில் நான் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நீ எழுதிய பிறகுதான் உறைத்தது. வெட்கமாக இருக்கிறது.

உடனே பதில் போடு.

சின்னதுரை


ஹடப்சர்
6 அக்டோபர் 2025

அன்புள்ள சோனியா அப்பாவுக்கு,

உடனே எழுதவில்லை என்று திட்டியிருப்பீர்கள். நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

நேற்று மீட்டிங். கமிட்டிக்காரர்களை நாற்காலியை விட்டு எழுப்பி மைதானத்துக்கே வரவழைத்தேன். ஆட்டா மூட்டையைப் பழைய சேலையால் கட்டியதைப் பார்த்து, "என்ன வேதாபாயி, சப்பாத்தி போடப் போறீங்களா?" என்று பேண்ட்ஸே சாஹேப் கேலி செய்தார். ஓட்டினேன். வேப்பமரத்து வேர் மேல் மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். சரிவில் போனேன், பள்ளத்தில் போனேன். ஊஹூம், நிற்கவே இல்லை! பிறகு மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு ஏறினேன். முதல் வேரிலேயே நின்றது. நீங்கள் எழுதியதை அப்படியே விளக்கிச் சொன்னேன். பேண்ட்ஸே சாஹேப் குனிந்து சீட்டை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். காண்ட்ராக்டர் வேண்டாம், ஸ்பிரிங் மாற்றினால் போதும் என்று முடிவாயிற்று. மூட்டையில் ஓட்டை விழுந்து என் முதுகெல்லாம் மாவு. பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்து சிரித்தார்கள்.

போகும்போது அவர் என்னிடம், "சின்னதுரை கண்டுபிடிச்சானா இதை?" என்று கேட்டார். "அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? அவரைப் போய்ப் பெட்ரோல் எங்கேன்னு கேட்டீங்களே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷமாக என் தொண்டையில் நின்ற வார்த்தை அது.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். நாற்பத்தெட்டு கிலோ. ஜூலையில் மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர் மராட்டியில் 'காவீள்' என்றார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. பரமசிவம் அண்ணன் வீட்டு அக்கா கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். சோனியா அப்போதுதான் உண்டாகியிருந்தாள், அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்ல மூன்று தரம் போனை எடுத்தேன். "இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டுவிடுவீர்களோ என்று வைத்துவிட்டேன். இப்போது தேறிவிட்டேன், பயப்படாதீர்கள்.

தினமும் என்னைப் பார்க்கிற கமிட்டியில் ஒருத்தர்கூட, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று கேட்கவில்லை. நீங்கள் சாகணில் உட்கார்ந்துகொண்டு கேட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சொன்னால் என்ன, அழுதேன்.

புது ஸ்பிரிங் வேண்டும். தபாலில் அனுப்பினாலும் சரி, கொண்டுவந்தாலும் சரி. ஆனால் ஒன்று. சீட்டு என்னுடையது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள். இல்லையென்றால் தபால் போதும்.

உங்கள்
வேதா


சாகண்
11 அக்டோபர் 2025

அன்புள்ள வேதாவுக்கு,

நாற்பத்தெட்டா! உன்னை என்ன சொல்லித் திட்டுவது? மூன்று தரம் போனை எடுத்தவள் நாலாவது தரம் எடுக்கக் கூடாதா? சரி, நான் ஒரு தரமாவது எடுத்தேனா? இரண்டு பேருக்கும் ஒரே கொழுப்பு.

ஸ்பிரிங்கைத் தபாலில் அனுப்ப முடியாது. உன்னை உட்காரவைத்து, அமுங்குகிறதா, எழும்புகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். முதலில் நாற்பத்தெட்டுக்கு ஒன்று போடுவேன். நீ ஐம்பத்தைந்து ஆனதும் அது தொளதொளத்துப் போகும், வேறு போட வேண்டும். அறுபத்தொன்றுக்கு இன்னொன்று. எப்படியும் ஆறு மாசமாவது ஆகும். அதுவரை பக்கத்தில் ஆள் இருந்தால்தான் ஆகும். அதற்கப்புறமும் எதையாவது பழுது பார்க்க வேண்டியிருக்கும், பழைய வண்டிதானே.

எங்கள் கம்பெனி பஸ் தினமும் ஹடப்சர் வரை வந்து போகிறது. இத்தனை நாள் அது என் கண்ணில் படாத மாதிரி இருந்தேன். நேற்று அதில் என் பேரைக் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள், பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெட்டியோடு வருகிறேன். சாம்பார் வை. சர்க்கரை போட்டுவிடாதே. சோனியாவிடம் நாம் இருவரும் ஒரே போனில் பேசலாம், நம்ப மாட்டாள்.

சாவி உன்னிடமே இருக்கட்டும். நீ ஓட்டு. புல் வாருகிற வாரியை எங்கே வைத்திருக்கிறாய் என்று மட்டும் எனக்குக் காட்டு. அந்த வேலை எனக்குத் தெரியாது, நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன்
சின்னதுரை