தொம்மா அக்காவின் மூன்று கோப்பைகள்

ஜனவரி 8, புதன்

காலையில் கடைக்குப் போய்த் தேயிலை வாங்கினேன். கடைக்காரி ஹில்கே மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினாள். முதல் டப்பாவில் கையை விட்டதுமே சொல்லிவிட்டேன், இது மட்டமான மழைக்காலப் பறிப்பு என்று. இரண்டாவது பார்வைக்கு அழகு. இலை ஒவ்வொன்றும் முறுக்கின கம்பி மாதிரி இருந்தது. ஆனால் உள்ளங்கையில் வைத்து ஊதி முகர்ந்தால் வாசனை என்று ஒன்றும் திரும்பி வரவில்லை. மூன்றாவதுதான் அசல். கறுப்புக்கு நடுவே பொன்னிற நுனிகள், கசக்கினால் வறுத்த தானிய வாசனை, அசாம் மண்ணே கைக்குள் வந்த மாதிரி. ஹில்கே அசந்துபோய், "ஓக்கோ அண்ணே, உங்க மூக்கை இன்ஷூர் பண்ணி வைங்க" என்றாள். டப்பா மேல் பெயர் ஒட்டியிருந்தது என்பது வேறு விஷயம். நான் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு முன்னாலேயே தெரியும்.

அரைக் கிலோ. எல்லாம் தொம்மா அக்காவுக்கு.

பக்கவாதம் வந்து பத்து வாரம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஜெர்மனியின் வடகடலோரத்தில் இருக்கும் எங்கள் கிழக்கு ஃபிரீசியாவில் எந்த முதியோர் இல்லத்திலும் கட்டில் காலி இல்லை. அதனால் அவள் மகள் ஃபென்னா தன் வீட்டுக்குப் பக்கமாக, பிரெமன் நகரத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறாள். ரயிலில் ஒன்றே கால் மணி நேரம். போன ஞாயிறு ஃபென்னா ஃபோனில் அழுதாள். அம்மா எதையும் குடிப்பதில்லையாம். மாத்திரையோடு இரண்டு வாய் தண்ணீர், அவ்வளவுதான். தொண்டையைச் சோதித்துப் பார்த்தார்களாம், விழுங்குவதில் ஒரு குறையும் இல்லை. இப்படியே போனால் சிறுநீரகம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கோப்பை குடித்த பொம்பளை.

மத்தியானம் ரயிலில் போய் அவள் அறைக்குள் நுழைந்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. எனக்கு எதுவும் பிடிபட நேரமாகாது. அவள் முன்னால் ஒரு தடித்த கோப்பை. விளிம்பில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பூன் உள்ளே நட்டமாக நின்றது. ஆறிப்போய், வாய்க்கால் தண்ணீர் நிறத்தில். டீ பேக்.

கேட்கவா வேண்டும்? கொண்டுபோன பீங்கான் கெண்டியை வெந்நீரில் அலசிச் சூடாக்கினேன். ஆளுக்கு ஒரு ஸ்பூன் இலை, கெண்டிக்கு ஒன்று. நாலு நிமிஷம். அவள் வீட்டிலிருந்து கொண்டுபோன மெல்லிய கோப்பையில் கற்கண்டைப் போட்டு, மேலே ஊற்றினேன். கற்கண்டு படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் தலையைத் திருப்பினாள். ஓரமாக ஒரு துளி பாலேடு விட்டேன். அது அடியில் போய், மேகம் மாதிரி எழுந்து வந்தது. கலக்கவில்லை. கலக்குவது வெளியூர்க்காரன் வேலை.

எங்கள் ஊர்க் கணக்குப்படி மூன்று கோப்பை குடித்தாள். நான் வாயருகே பிடித்தேன், அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர்கள் பத்து வாரம் தலையைச் சொறிந்ததை ஓக்கோ பத்து நிமிஷத்தில் முடித்தான்.

ஜனவரி 9

ஃபென்னாவுக்கு ஃபோனில் விளக்கினேன். இலை முழுசாக இருந்தால் வெந்நீரில் மெதுவாக விரியும், ருசியை ஒவ்வொன்றாக விடும். பைக்குள் இருப்பது சல்லடையில் கடைசியாக விழுகிற தூள். நிறத்தை ஒரே மூச்சில் கக்கிவிட்டுச் செத்துப்போகும், மிச்சம் காகித ருசிதான். நாற்பது வருஷம் தேயிலைக் கலவைக் கூடத்தில் இருந்தவன் சொல்கிறேன் என்றேன்.

"மாமா, நீங்க அங்க மூட்டை ஏத்தி இறக்குனீங்க."

மூட்டை வழியாகவே வாசனை வரும். அது இவளுக்குத் தெரியாது.

ஜனவரி 12, ஞாயிறு

மறுபடி மூன்று கோப்பை. கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருக்கிறது. ஆனால் நான் இல்லாத மூன்று நாளும் ஒன்றும் குடிக்கவில்லை என்று அவர்கள் தாளில் எழுதியிருக்கிறார்கள்.

அங்கே அவளைக் கவனிக்கிற பெண் பில்யானா. தெற்கே செர்பியாவிலிருந்து வந்தவள், நல்ல பெண். அக்காவின் தலையை வாரும்போது ஏதோ பாடுகிறாள். இன்று அவளிடம் வெள்ளக் கதையைச் சொன்னேன். நான் எட்டு வயசுப் பையனாக இருந்தபோது கடல் கரையை உடைத்துக்கொண்டு வந்ததையும், பதிமூன்று வயசு அக்காவை ஒரு தோளிலும் இந்தக் கெண்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நான் பரண் ஏறியதையும். "எட்டு வயசுலயா ஐயா?" என்றாள். வளர்ந்த எட்டு வயசு என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு இருந்திருந்தால் வாயை மூடச் சொல்லியிருப்பாள்.

பிறகு ஃபென்னாவின் புருஷன் லோரன்ஸ் வந்தான். அவனைப் பார்த்ததும் பழைய சிரிப்பு வந்துவிட்டது. தெற்கு ஜெர்மனிக்காரன். பெண் பார்க்க வந்த அன்று அக்கா ஊற்ற ஊற்றக் குடித்தான். போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் வைக்கணும், வைக்காதவரை ஊற்றுவார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வாயால் வேண்டாம் என்றால் அக்கா காதில் ஏறாது, மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைப்பாள். பதினொரு கோப்பை. ஆறு என்கிறாள் ஃபென்னா. கழிப்பறைக்கு ஓடின ஓட்டத்தை நான் பார்த்தேன், அது பதினொரு கோப்பை ஓட்டம்.

ஜனவரி 15

இல்லத்து மேலாளரைப் பார்த்தேன். மேஜையில் குத்திப் பேசினேன். அதாவது, குத்தப் போனேன், அந்தம்மா எழுந்து காப்பி வேணுமா என்று கேட்டுவிட்டாள். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். என் தேயிலை அங்கேயே இருக்கும், கெண்டியும் கற்கண்டும் இருக்கும், பில்யானா போட்டுக் கொடுப்பாள். முறையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதினாலு விதி. இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் எழுதியது என்று யார் சொல்வார்கள்?

ஜனவரி 19, ஞாயிறு

இல்லத்தில் வாந்தி பேதி பரவுகிறது. யாரையும் உள்ளே விடுவதில்லை. வாசல் கண்ணாடியிலேயே தாள் ஒட்டியிருந்தது. வந்த ரயிலிலேயே திரும்பினேன்.

ஜனவரி 21

பில்யானா ஃபோனில் வந்தாள். "நீங்க எழுதுனபடியே போட்டேன் ஐயா, அம்மா தொடலை."

தண்ணீர் சரியாகக் கொதித்திருக்காது என்றேன்.

ஜனவரி 23

கொதித்ததாம். ஊறின நேரம்? கடிகாரம் வைத்து நாலு நிமிஷமாம். பாலேடு? ஓரமாகத்தானாம். அப்படியானால் அந்த ஊர்த் தண்ணீர் கடினம், இலைக்கு ஒத்துவரவில்லை. ஹில்கேயிடம் வேறு கலவை கேட்டேன். இரண்டு டப்பா தபாலில் அனுப்பினேன்.

ஜனவரி 26

தொடவில்லை.

ஜனவரி 28

ஃபென்னா: "மாமா, டீயைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசாதீங்க. அம்மா சாகப்போறா."

ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் நான் போனால் குடிப்பாளே. நான் ஊற்றினால் குடிப்பாள். என் கையில் என்ன இருக்கிறதோ. அது என்ன என்று தெரிந்தால் அதையும் எழுதி அனுப்பிவிடலாம்.

பிப்ரவரி 1, சனி

கதவைத் திறந்துவிட்டார்கள்.

படுக்கையில் யாரோ கிடந்தார்கள். அக்காதான். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையில் டிரிப்ஸ் ஊசி. நாளைக்கு மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பில்யானா டீ கொண்டுவந்தாள். நான் குறை கண்டுபிடிக்கத்தான் காத்துக்கொண்டிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். என் கண் முன்னாலேயே ஊற்றினாள். நிறம் சரி. வாசனை சரி. கற்கண்டு வெடித்தது, மேகம் எழுந்தது. அக்கா அந்தச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் திரும்பினாள். வாய் கொஞ்சம் திறந்தது.

"கொஞ்சம் சூடு ஆறட்டும்மா, நாக்கு வெந்துடும்" என்று பில்யானா ஸ்பூனை எடுத்துக் கோப்பைக்குள் நிறுத்தினாள்.

அக்கா ஸ்பூனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நானும் ஸ்பூனைப் பார்த்தேன்.

அப்புறம் எழுந்து ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தேன். அக்கா, இந்தா, குடி என்றேன். திரும்பினாள். தட்டைப் பார்த்தாள். குடித்தாள். பாதிக்கு மேல் முடியவில்லை, ஓரத்தில் வழிந்தது. ஆனால் குடித்தாள்.

பில்யானாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் கோப்பைக்குள் ஸ்பூன் இருந்தால் போதும் என்று அர்த்தம், அதற்குமேல் ஊற்றவும் மாட்டோம், தொடவும் மாட்டோம் என்று. அவள் கட்டிலோரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"தினம் ஆறு தடவை வச்சேன் ஐயா. சூடு ஆறணும்னு. ஆறு தடவையும் அம்மாகிட்ட 'உங்களுக்குப் போதும்'னு சொல்லியிருக்கேன்."

அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினேன்.

பிப்ரவரி 2

பின்னால் திருப்பிப் படித்தேன். ஜனவரி 8. "ஸ்பூன் உள்ளே நட்டமாக நின்றது." என் கையெழுத்துதான். பார்த்திருக்கிறேன், எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த வரியில் டீ பேக் என்று துள்ளியிருக்கிறேன்.

லோரன்ஸ் கதையை எழுதிய அன்றைக்குமா உறைக்கவில்லை? இலை, தூள், தண்ணீர், பொன்னிற நுனி. பதினாலு விதி எழுதினேனே, ஸ்பூனுக்கு ஒரு வரி உண்டா? யார் எழுதுவார்கள் அதை? கதவைத் திறந்துதான் உள்ளே போகணும் என்று யாராவது எழுதுவார்களா?

அக்காவுக்கு அவர்கள் டீ பேக் கொடுத்தார்களோ இலை கொடுத்தார்களோ, அவள் அதை ருசி பார்க்கிற வரைக்கும் வரவே இல்லை. வேண்டாம் என்று சொன்னவள் அவள் இல்லை. எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் போதும் என்று சொன்னோம். அவள் மரியாதை தெரிந்தவள். கேட்டுக்கொண்டாள்.

டே ஓக்கோ, என்னடா மூக்கு உனக்கு.

பிப்ரவரி 3

வெள்ளக் கதை. இந்த நோட்டிலாவது சரியாக இருக்கட்டும். நான் யாரையும் தூக்கவில்லை. மேஜைக்கு அடியில் உட்கார்ந்து அலறிக்கொண்டிருந்தேன், கால்சட்டையிலேயே போய்விட்டது. அவள்தான் என்னை இழுத்து முதுகில் போட்டுக்கொண்டு ஏணி ஏறினாள். கெண்டியை எடுக்க மறுபடி இறங்கியவளும் அவள்தான். அறுபது வருஷத்துக்கு மேல் நான் மாற்றிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட யார் முன்னாலும் திருத்தியதில்லை.

பிப்ரவரி 5, புதன்

சிறுநீரகம் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த உடம்பை இயந்திரத்தில் போட வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம் என்று ஃபென்னா முடிவு செய்தாள். சரியான முடிவு. மூன்று வாரம் முன்னால் தெரிந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனுஷன்.

நான் ஊற்றினேன். முதல் கோப்பை முழுசாக. இரண்டாவது, நிறைய நேரம் எடுத்து. மூன்றாவதைப் பாதி பாதியாக, நடுவில் கண்ணை மூடிக்கொண்டு. ஸ்பூன் தட்டில் இருந்தது. பிறகு இடது கையை நீட்டினாள். விரல் இரண்டு தடவை நழுவியது. ஃபென்னா எடுத்துக் கொடுக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்காவே எடுத்தாள். கோப்பைக்குள் வைத்தாள். டிங் என்று ஒரு சத்தம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க மாமா. கொஞ்சமாவது."

நான் ஊற்றவில்லை.

பிப்ரவரி 8

அக்கா போய்விட்டாள். காலை ஏழு பத்து.

பிப்ரவரி 13

அடக்கம் முடிந்து எல்லாரும் கூடத்தில் தேநீருக்கு உட்கார்ந்தோம். வெண்ணெய்க் கேக், ஆறு கெண்டி. ஹில்கேதான் தேயிலை கொடுத்தாள். யாரோ வெள்ளக் கதையைச் சொல் என்றார்கள். எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மேஜைக்கு அடியில் அழுததை, கால்சட்டையை, அவள் முதுகை, அவள் மறுபடி இறங்கினதை.

ஒருத்தரும் நம்பவில்லை. "பாவம், அக்கா போன துக்கத்துல அடக்கமா பேசுறான்" என்று ஹில்கே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

மார்ச் 5, புதன்

கெண்டியை எடுத்துவர இல்லத்துக்குப் போனேன். பில்யானா துணியில் சுற்றி வைத்திருந்தாள். அவள் வேலை நேரத்தில் எல்லார் கோப்பையிலிருந்தும் ஸ்பூனை எடுத்துவிடுகிறாளாம். மற்றவர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், ஆனால் புதிது புதிதாக ஆள் வருகிறார்கள் என்றாள்.

ஜன்னல் பக்கத்தில் அக்காவின் நாற்காலியில் வேறு ஓர் அம்மா. முந்தாநாள்தான் எங்கள் கடலோரத்திலிருந்து வந்தாராம். முன்னால் தடித்த கோப்பை, விளிம்பில் நூல், உள்ளே ஸ்பூன். கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போய் ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார்.

பில்யானா எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாவோடு உட்கார்ந்து மூன்று குடித்தேன். டீ பேக்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.