கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே மூடியிருக்கிறது. நேற்று நீங்கள் சுட்ட ரொட்டியில் பாதியை நான் எடுத்துப் போகிறேன். அடி கருகினாலும் எங்கள் கொரோனா பரிசோதனைக் கூடத்தில் பறித்துத் தின்ன ஆள் உண்டு.

அங்கே வேலை என்பதால் ஒரு வாரமாக வீட்டிலும் மாஸ்க் போட்டுக்கொண்டே திரிகிறேன். அன்றிலிருந்து நான் எது கேட்டாலும் உங்களிடமிருந்து பதிலே இல்லை. வீட்டில் அடைந்து கிடக்கிற கடுப்பை என்மேல் காட்டுகிறீர்கள் என்று நினைத்துத்தான், "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

நேற்று பால்கனியில் மாஸ்க்கை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. சமையலறை ஜன்னலில் புகை தெரிந்ததும், "ரொட்டி கருகுது, இந்த மனுஷனுக்கு மூக்கும் இல்லயா?" என்று எனக்கே கேட்காமல் முணுமுணுத்தேன். உள்ளே இருந்து என் முகத்தைப் பார்த்த நீங்கள் விழுந்தடித்து அடுப்பை அணைக்க ஓடினீர்கள்.

எத்தனை வருஷமாக என் உதட்டைப் பார்த்தே குடும்பம் நடத்துகிறீர்கள்? காது கேட்கவில்லை என்று என்னிடம் சொல்ல என்ன வெட்கம்?

சாயங்காலம் வந்ததும் பால்கனிக்குப் போய்விடுவேன். கண்ணாடிக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்காருங்கள். மாஸ்க் இல்லாமல் பேசுகிறேன்.

சாவி என்னிடம் இருக்கிறது. மணி அடிக்க மாட்டேன்.

இன்னொன்று. இந்த வாரம் முழுக்க அதே பால்கனியில் மாஸ்க்கை இறக்கிவிட்டு உட்கார்ந்து, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவ்வளவையும் பார்த்துவிட்டா மறுநாளும் எனக்கு டீ போட்டு வைத்தீர்கள்?