சாப்பிட்ட பிறகு படி

மயிலாப்பூர்,
18.8.1997

அன்புத் தங்கச்சி தேசம்மாவுக்கு,

உன் ஷாகிரா அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். விசாகப்பட்டினத்தில் நீ, பிரசாத் தம்பி, பாப்பா மூவரும் சுகமாக இருக்க நான் என் பங்குக்கு துவா கேட்கிறேன். உங்கள் எல்லையம்மனிடம் உன் அம்மா சொல்லிக்கொள்வாள்.

முதலில் இதைப் படித்துக்கொள். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். உன் அண்ணனும் அண்ணியும் நன்றாக இருக்கிறார்கள். யாரும் சாகவில்லை, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை, எங்கேயும் எதுவும் எரியவில்லை. ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தி என்று சொல்லமாட்டேன். அது இந்தத் தாளில் இல்லை. தனியாக மடித்துத் தையல் நூல் சுற்றி வைத்திருக்கிறேனே, அதில் இருக்கிறது. இதைப் படித்து முடித்து, சோறு தின்றுவிட்டு, பகல் வெளிச்சத்தில், வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பிரசாத் தம்பி வீட்டில் இருக்கும்போது அதைப் பிரி. அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதே.

உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது நான்தான். மஞ்சள் இல்லாத கடுதாசியைக் கண்டால் பிரிப்பதற்கு முன்பே கை உதறுகிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். நான் தடவுவதைப் பார்த்து அம்மா, "துலுக்க வீட்டுலேர்ந்து மஞ்ச தடவி யாருக்குடி கல்யாணப் பத்திரிகை அனுப்பறே?" என்று கேட்டாள். கெட்ட செய்திக்கு மஞ்சள் வைப்பது உங்கள் சாஸ்திரத்தில் தப்பாகத்தான் இருக்கும். தபால்காரர் கொடுக்கும்போது நீ தனியாக இருந்தால் என்ன செய்வாய் என்று நினைத்துத் தடவிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இனி எந்தச் செய்தியானாலும் தனக்குத்தான் எழுத வேண்டும், உனக்கு எழுதக்கூடாது என்று பிரசாத் தம்பி போன வருஷம் எனக்கு எழுதினார். அவர்மேல் குற்றமில்லை. என் தம்பி ஜவஹர், பாப்பாவுக்கு வாங்கிய கவுனை ஒரு பழைய பேப்பரில் சுற்றி அனுப்பினான். அதில் எங்கேயோ ஒரு பஞ்சு ஆலை எரிகிற படம் இருந்திருக்கிறது. அந்தப் புத்திசாலி பார்க்கவில்லை. நீ பார்த்தாய். குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு இறங்கிப் போய், பொழுது சாய்கிற வரை துறைமுகத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாய். புருஷன் பயப்படாமல் என்ன செய்வார்?

ஆனால் தை மாதம் உன் அண்ணன் கல்யாணத்துக்கு வந்தபோது, எங்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "மறைக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே போதும்கா, இன்னா இன்னாவோ நானே நெனச்சிக்கினு கெடக்கறேன். வர்றது இன்னான்னு முன்னாடியே சொல்லிட்டா, குந்திக்கினு பாத்துக்குவேன்" என்றாய். அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். அவருக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருங்கள் என்று மட்டும் அதில் இருக்கும்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. உன் அம்மாவை நேற்று சாந்தோம் பக்கம் பார்த்தேன். சங்கரா மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே, "எம்பொண்ணுக்கு லெட்டர் போட்டுக்கினு கீறியா இல்லியா நீ?" என்று அதட்டினாள். மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள், சண்டை போட்டுக் கொடுத்தேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் வேலை எனக்கு நிறைய வருகிறது. கச்சேரி ரோடு மாமிகளுக்கெல்லாம் எதையும் நேற்றே முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். தி.நகர் பக்கம் நான் இன்னும் போவதில்லை. நூல் வாங்கக்கூட அம்மாதான் போகிறாள். பனகல் பார்க் தாண்டினால் மூக்கில் அந்த வாடை வந்துவிடுகிறது.

சரி. போய்ச் சாப்பிடு.

*

தேசம்மா, சாப்பிட்டாயா? என்ன குழம்பு? பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

செய்தி இதுதான். நாம் வேலை பார்த்த தி.நகர் கடையின் தீவிபத்துக் கேஸ் நாலு வருஷம் தூங்கிக் கிடந்தது, இப்போது எழுந்துவிட்டது. உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் சம்மன் கொண்டு வருவார். காக்கிச்சட்டை போட்டுக்கொண்டுதான் வருவார். பிரசாத் தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சொல்ல வருகிறார் என்று நினைத்து அலறாதே. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதை முன்னாலேயே உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் ஓடி ஓடி எழுதுகிறேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்து. மார் படபடத்தால் மீன் பெயர்களைச் சொல்லு. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, காரப்பொடி, நெத்திலி. எனக்கு பஸ் நிறுத்தங்கள். லஸ், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை. அதற்குமேல் நான் போவதில்லை.

அடுத்தது. வாட்ச்மேன் கோதண்டபாணி கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொல்லிவிட்டார். பின்பக்கப் படியில் இருந்த இரும்பு கேட் அன்றைக்குத் திறந்துதான் இருந்தது, பூட்டு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, பெண்கள் பயத்தில் நெரித்துக்கொண்டு செத்தார்கள் என்றார். கடை மூடும் நேரத்தில் எல்லோரும் முன்வாசல் வழியாகப் பையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாளி சொல்ல, தினமும் அந்தக் கேட்டைப் பூட்டியவரே இவர்தான். நம்மை ‘பாப்பா, பாப்பா’ என்று கூப்பிட்ட மனுஷன். சொல்லிவிட்டு இறங்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய பெண்ணுக்கு முதலாளியின் புதுக் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவரைத் திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்கிறது.

உனக்கு நெஞ்சு எரியும். எனக்கும் எரிகிறது. எழுந்து முகம் கழுவிவிட்டு வா.

மூன்றாவது என்னைப் பற்றியது. இதை ஜவஹரிடம்கூட நான் சொல்லவில்லை. போன வாரம் என் முறை வந்தது. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். புகை வந்ததையும், எல்லோரும் பின்படியில் இறங்கியதையும், கேட் திறக்காததையும் சொன்னேன். மூச்சு முட்டி நான் முதலில் விழுந்துவிட்டதால் பூட்டை நான் பார்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அப்போது அந்தப் பூட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டார்கள். டங்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கோர்ட்டில் இல்லை தேசம்மா. கூண்டுக்குள் குனிந்து உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தப் படியிலேயே போய்விட்ட நம் அஸ்வினி பெயரைச் சொல்லிக் கத்தினேனாம். பெண் போலீஸ் ஒருத்தி வந்து தூக்கினாள். சேலை ஈரமாகிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

இந்த அம்மாளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, இவள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதலாளி தரப்பு வக்கீல் கேட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார், ஆனாலும் எனக்குப் புரிந்தது. ஜட்ஜ் ஐயா தண்ணீர் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. நான் பைத்தியம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் என் உடம்பு என் பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். அது உனக்குத் தெரியும், அந்த வக்கீலுக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து நான் அடிக்கிற தையல் கோணல் மாணலாகப் போகிறது. அம்மாதான் பிரித்து மறுபடி தைக்கிறாள்.

நம் பக்கத்து அரசு வக்கீல் ஒரு பெண். பூட்டு பூட்டியிருந்ததைச் சொல்ல இனி தேசம்மா ஒருத்திதான் இருக்கிறாள் என்றார். உண்மைதான். கிராதிக்குள் கையை விட்டுப் பூட்டைப் பிடித்து இழுத்தவள் நீதான். உன் உள்ளங்கை வெந்ததும் அதனால்தான். அவளை நம்பிக்கொண்டு கேஸை நடத்தாதீர்கள், அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்று நான் அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். ராத்திரியில் நீ எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருப்பாய் என்று பிரசாத் தம்பி எழுதியிருந்ததையும் சொன்னேன். டாக்டரிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பினால் உன்னை வற்புறுத்த மாட்டார்களாம். வாங்கி அனுப்பிவிடு. என் சொந்தத் தங்கச்சியாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். வராதே.

வெள்ளிக்கிழமை அஸ்வினியின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் சாட்சி சொல்ல வருமா என்று உன்னைப் பற்றிக் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அஸ்வினிதான் முதலில் மற்றவர்களைத் தள்ளி நெரித்தாள் என்று கோதண்டபாணி சொன்னாராமே, அவள் யாரையும் நெரிக்கிற பிள்ளை இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அம்மா டீ போட்டாள். குடிக்காமல் போய்விட்டார்கள்.

மறைக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்ததால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கோர்ட் அறை மாடியில் இல்லை, தரையில்தான் இருக்கிறது. சாட்சி நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒரு கதவு. இரண்டையும் சாத்துவதில்லை. நிற்க முடியாவிட்டால் உட்காரக் கேட்கலாம். முதலாளி முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருப்பார், இப்போது மெலிந்துவிட்டார், பார்த்தால் பயம் வராது. பூட்டு அரக்கு முத்திரை வைத்த துணிப்பையில் இருக்கும். சின்னப் பூட்டுதான், தேசம்மா. நம் இரண்டு பேருக்கும்தான் அது அவ்வளவு பெரிது.

இன்று காலை மறுபடி கோர்ட்டுக்குப் போனேன். எதற்கு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அங்கே பஞ்சாட்சரம் என்று ஒரு குமாஸ்தா இருக்கிறார், பூட்டை எடுத்துவைப்பவர் அவர்தான். அவர் வெளியே வரும்வரை வராண்டாவில் காத்திருந்தேன். கிழிந்த வேட்டித் துணியை நாலாக மடித்து, ஓரம் அடித்து, ஒரு சின்ன மெத்தை மாதிரி தைத்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுத்து, அடுத்த தடவை பூட்டை மேஜையில் போடாதீர்கள், இதன்மேல் வையுங்கள், சத்தம் வரக்கூடாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்குக் கத்தியவள் இவள்தான் என்று தெரிந்துவிட்டது. "வெக்கறேன்மா, நீ போ" என்று வாங்கிக்கொண்டார்.

பாப்பாவின் கன்னத்தில் எனக்காக ஒரு முத்தம் கொடு. ஆண்டவன் உன் நெஞ்சுக்கு அமைதி கொடுக்கட்டும். நீ வந்தால்தான் என் தங்கச்சி என்று ஒருபோதும் நினைத்துவிடாதே. சர்டிபிகேட்டை மறக்காமல் அனுப்பு. அந்த மெத்தைத் துணியைக் குமாஸ்தா மேஜை டிராயரில் வைத்துப் பூட்டாமல்தான் மூடினார், நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

என்றும் உன் அக்கா,
ஷாகிரா