ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

போன வருடம் வரை என்னை "ஏய் ஜெசி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த என் அக்காவுக்கு,

இன்று வகுப்பில் எலும்பு மருந்துப் பாடம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு தேயாமல் இருக்கக் கொடுக்கும், வாரம் ஒன்று போடும் மாத்திரை. நர்சிங் மாணவிகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காலையில் எழுந்தவுடன், வாயில் வேறு எதுவும் படும் முன், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. பால், காபி, கால்சியம் எதுவும் அதோடு சேரக் கூடாது. சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாமல் அப்படியே வெளியே போய்விடும். ஒவ்வொரு வருடமும் சொல்லும் வரிகள்தான். இன்று பாதியில் குரல் நின்றுவிட்டது. "மேடம், தண்ணி கொண்டு வரட்டா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

தொண்ணூற்றொன்றில் உனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை என்றார்கள். மாமா கையெழுத்துப் போட்டார். அப்போது வார்டு நர்ஸாக இருந்த நானும் தலையாட்டினேன். சினைப்பை போனால் எலும்புக்கு இருந்த காவலும் போய்விடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். உன்னிடம் ஏன் அதைச் சொல்லவில்லை?

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து உன் முதுகு வளைந்தபோது, டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கி அல்சூரில் உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஞாயித்துக்கிழமை போடுக்கா. வெறும் வயித்துல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஞாயிறு காலையில் சர்ச்சில் பூசை முடிந்து, நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்கி, வீட்டுக்கு வரும்வரை நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாய். தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை என்று சாமியார் எத்தனை முறை சொல்லியும் அம்மா காலத்து வழக்கத்தை நீ விடவில்லை. அதனால் வெறும் வயிறு நிச்சயமாகக் கிடைக்கும் நாள் அதுதான் என்று நினைத்தேன். புத்திசாலித்தனம். அந்த ஒருசந்தி விரதத்தில் மாத்திரைக்கும் இடமில்லை என்பது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று?

குளியலறை வாசலில் நீ வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மறுநாள், வார்டில் டாக்டர் கேட்டது நினைவிருக்கிறதா?

"மாத்திரையை நடுவுல விட்டீங்களாம்மா?"

"ஒரு ஞாயிறுகூட விடல டாக்டர். பூசைக்குப் போய்ட்டு வந்து ராகிக் கஞ்சியோட முழுங்கிடுவேன். பால் நல்லா ஊத்தி."

"கஞ்சியோடவா? வெறும் வயித்துல போடணுமே!"

"வெறும் வயிறுதானே? காலைலேர்ந்து வாயில ஒண்ணும் படலியே. அதுவும் எலும்புக்கு, ராகியும் எலும்புக்கு. சேந்து போனா நல்லதுதானே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் சிஸ்டர், நீங்க சொல்லலியா?"

நான் வாயைத் திறக்கும் முன் நீ முந்திக்கொண்டாய். "அவள ஒண்ணும் கேக்காதீங்க. அவ காலேஜ்ல பாடம் எடுக்குறவ. நான்தான் மக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரித்ததில் இடுப்பு வலித்து உதட்டைக் கடித்துக்கொண்டாய்.

உன் மகள் ரீட்டா அப்போது கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தாள். டாக்டர் நகர்ந்ததும் என் கையைப் பிடித்தாய். "ரீட்டாகிட்ட சொல்லாதடி. உன்ன உண்டு இல்லைனு ஆக்கிடுவா." சரிக்கா என்றேன். ஆறு வாரம் படுக்கையில் கிடந்தாய். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பிறகு நீ இல்லை.

சரியாகப் போட்டிருந்தால் எலும்பு தாங்கியிருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது ஒரு செய்தி சொல்ல வேண்டும். ரீட்டாவுக்கு ஏழாம் மாதம். சந்தோஷப்படாதே, முழுவதும் கேள். போன வாரம் சந்தாபுராவில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கிறது. உடம்பில் ரத்தமே இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இரும்புச்சத்து மாத்திரை அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடக்கிறது.

"ஏன்டி போடல?"

"வாந்தி வருது சித்தி. எதுக்குப் போடணும், சொல்லுங்க? எங்கம்மா ரெண்டு வருஷம் ஒரு வாரம் விடாம போட்டாங்களே, என்ன ஆச்சு? நீங்களே கூட இருந்து பாத்துக்கிட்டீங்க. அப்பவும் எலும்பு அப்பளமாட்டம் நொறுங்குச்சு. எல்லாம் கம்பெனிக்காரன் பொழப்பு."

"பிரசவத்துல ரத்தம் போனா தாங்க மாட்டடி" என்று ஆரம்பித்தேன். "ஏங்க, இங்க வாங்க, நர்ஸம்மா கிளாஸ் எடுக்குறாங்க" என்று கணவனைக் கூப்பிட்டுச் சிரித்தாள். உன் சிரிப்பேதான். பிரசவ அறையில் நான் பார்த்ததை அவள் பார்த்ததில்லை. கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுவோம், அது சுருங்கவும் செய்யும். ஆனால் ஏற்கெனவே ரத்தமில்லாத உடம்பில், போன ரத்தத்தை எந்த ஊசியும் திருப்பித் தராது. அப்படிச் சில்லிட்டுப்போன கைகளை நான் பிடித்திருக்கிறேன்.

உண்மை வாய் வரை வந்தது. சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். சொல்லாவிட்டால் அவள் மருந்தை நம்ப மாட்டாள். சொன்னால் என்னை நம்ப மாட்டாள். தான் நம்பாத சித்தி சொல்லும் மாத்திரையை யார் போடுவார்கள்? எப்படிப் பார்த்தாலும் நல்லதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை அக்கா. ஜெபத்திலும் வார்த்தை வருவதில்லை.

இருந்தாலும் நாளைக்குப் போகிறேன். உனக்குக் கொடுத்த வார்த்தையை உடைக்கத்தான் போகிறேன். மருந்து உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது உன் உடம்பில் ஏறவே இல்லை, அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவள் நான், எப்படிப் போடுகிறாய் என்று இரண்டு வருடத்தில் ஒரு முறைகூட உன்னைக் கேட்காதவளும் நான். இவ்வளவையும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். என்னைத் திட்டட்டும். "பிரசவத்தன்னிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே வராதீங்க" என்றாலும் சரி. மாத்திரையைப் போடுவாள் என்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. சொல்வேன் என்பது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ஜெசிந்தா