கொட்டாரத்து வாசலில் ஷிஜா

கரமனை, திருவனந்தபுரம்
12.7.1997

அன்பு மகன் மகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை ஷிஜாவும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடாததற்குக் காரணம் மழையும் இல்லை, வேலையும் இல்லை. ஷிஜாவின் காலில் இருக்கிற வெள்ளைத் தேமலை மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடு அம்மா என்று எழுதியிருந்தாயே, நான் சொல்லவில்லை, அதுதான் காரணம். போன வருஷம் வந்த வள்ளியூர்க்காரர்கள், விஷயத்தைச் சொன்னவுடன் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போன ஷிஜா அன்று முழுக்க வெளியே வரவில்லை. அதனால் இந்தத் தடவை எல்லாம் பேசி முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான்தான் அப்பாவின் வாயையும் அடைத்துவைத்தேன்.

இது நாகர்கோவில் வரன். பையன் பெயர் அழகியநம்பி, மின்வாரியத்தில் வேலை, தகப்பனார் இல்லை, அம்மா சற்குணத்தம்மாள்தான் வளர்த்து ஆளாக்கியவர். வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதெல்லாம் வேண்டாம், பிள்ளைகள் பொது இடத்தில் சங்கடமில்லாமல் பார்த்துப் பேசட்டும் என்று அந்த அம்மாதான் கடற்கரை மாளிகையைச் சொன்னார். பள்ளிக்கூட நாளில் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பாயே அந்த ராஜா குடும்பத்துக் கொட்டாரம்தான், இப்போது எல்லோரையும் உள்ளே விட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், சேலை கட்டி வெறுங்காலோடு கூடத்தில் வந்து நிற்க வேண்டியதில்லை பார். நிறைய நடக்கிற இடம், சுடிதார் போட்டு சாக்ஸும் ஷூவும் போட்டுக்கொள் என்று ஷிஜாவிடம் சொன்னேன், போட்டுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பானூரில் அவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரே காரில் எல்லோருமாகப் போனோம், மழை விட்டிருந்தது, வழியெல்லாம் அந்த அம்மா கலகலவென்று பேசிக்கொண்டு வந்தார், எனக்குப் பாதி காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

வாசலில் காவல்காரர் நிறுத்திவிட்டார். செருப்பு, ஷூ எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமாம். அதோடு விட்டாரா, சாக்ஸையும் கழற்றச் சொல்லி, "சோக்ஸும் ஊரணும் அம்மே, தறை கண்ணாடி போலயாணு, சோக்ஸ் இட்டா வழுக்கி வீழும், போன வாரம் ஒராளுக்கு கை ஒடிஞ்சு" என்றார். பிள்ளைக்குச் சளி, குளிர்ந்த தரை ஆகாது, நாங்கள் இரண்டு பேரும் வெளியே இருக்கிறோம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படியானால் நானும் பிள்ளைகூட இங்கேயே இருக்கிறேன், ஆம்பிளைகள் பார்த்துவிட்டு வரட்டும் என்றார் சற்குணத்தம்மாள். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஷிஜா படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் உருவிவிட்டாள். கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் இருக்கிற வெளுப்பு அந்தக் கறுப்புத் தரையில் எவ்வளவு எடுத்துத் தெரிந்தது தெரியுமா. எழுந்து நின்று, "இது எனக்குப் பத்தாங்கிளாஸ்ல வந்தது. ஆருக்கும் ஒட்டாது, ஆனா எனக்கு இன்னும் கூடலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க அம்மை உங்ககிட்ட சொல்லல்ல. இப்பப் பாத்தாச்சுல்லா, உள்ள போணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை மகேஷ், நான்தான் அவள் சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா அவள் காலையும் பார்த்தார், பிறகு என்னையும் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில், "டிக்கெட் எடுத்தாச்சு, வாங்க பாப்போம்" என்று முன்னால் நடந்தார். முப்பது பேர் உட்காருகிற சாப்பாட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, மகாராணி கப்பல் பார்த்த ஜன்னல் என்று சுற்றிக் காட்டுகிறவர் சொல்லிக்கொண்டே போனார், ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. மாடி வராந்தாவில் கடற்காற்று ஆளைத் தள்ளியது. அங்கேதான் சற்குணத்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். "காலு அவ செஞ்ச குத்தமா? நீங்க மறைச்சதுதான் எனக்கு வெசனம். கெட்டிக்கிட்டு வந்த பொறவு தெரிஞ்சா எங்க வீட்டுல அவல்லா தலையைக் குனிஞ்சுட்டு நிக்கணும், அத நினைச்சியளா?" என்றார்.

பிறகு மணலில் கொஞ்ச நேரம் நடந்தோம், நல்ல வெயில், பிள்ளைகள் இரண்டு பேரும் தனியாக முன்னால் போனார்கள். பையன் என்ன பேசினான் என்று வீட்டுக்கு வந்து துருவித் துருவிக் கேட்டதில் ஷிஜா ஒன்றே ஒன்று சொன்னாள். வெயில் பட்டால் அந்த இடம் கூடுதலாக எரியுமா என்று கேட்டானாம், ஆமாம் என்றதும் மதில் நிழலில் அவளை நடக்க விட்டு அவன் வெயிலில் நடந்தானாம். எல்லாரும் எப்ப வந்தது, போகுமா என்றுதான் கேட்பார்கள், இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை அம்மா என்றாள். அதற்குப் பிறகு நான்கு நாள் அவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேற்று சாயங்காலம் போன் வந்தது. எங்களுக்குச் சம்மதம், உங்கள் மகளுக்குச் சம்மதமா என்று அவளிடமே கேளுங்கள் என்றார் அந்த அம்மா. ஷிஜா ரிசீவரை வாங்கி, எனக்கும் சம்மதம்தான் என்று அவளே சொன்னாள். அப்பா சாலை பஜார் கடையிலிருந்து வந்ததும் சொன்னேன், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிச்சயத்துக்கு வரும்போது கொட்டாரத்தை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார் சம்பந்தியம்மா. "அன்னைக்கு நான் ஒண்ணுமே பாக்கல்ல கேட்டியளா, மகன் அந்தப் பிள்ளை மூஞ்சிக்கு நேர வேண்டாம்னு சொல்லிரப்பிடாதேன்னு சாமியக் கும்பிட்டுட்டே நடந்தேன்" என்றார். நானும் அப்படித்தான் நடந்தேன் என்றேன், இரண்டு பேரும் போனில் சிரித்துவிட்டோம்.

ஆடி பிறக்கப் போகிறது, அதனால் நிச்சயம் ஆவணியில். இப்போதே லீவுக்கு எழுதிக் கொடு. ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்கு எல்லா நலமும் சேர வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். மறக்காமல் ஷிஜாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதை நான் பிரிக்க மாட்டேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
பார்வதியம்மாள்