கல்வெட்டின் கடைசிப் பக்கம்

இல்லை, உன் கல்வெட்டை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. உன் அம்மா மாதிரிக்குத் தந்த உன் அப்பாவின் கல்வெட்டு மேசையில் இருக்கிறது. பிரித்தால் இன்னும் மை வாசம்.

இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்கு உங்கள் ஊரில் இப்படி ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பீர்கள் என்று சென்னைக்காரியான எனக்கு உன்னால்தான் தெரியும். பண்டைய கிரேக்க வகுப்பு முடிந்து டிராமில் வந்துகொண்டிருந்தோம். அன்று கல்லறைப் பாட்டுகள் படித்திருந்தோம். கிரேக்கச் சந்தையில் ஒவ்வோர் ஊரும் தன் பேச்சைப் பேசியது. கல்லறையில் மட்டும் யாரும் பேசாத பழங்காவிய மொழி.

“இது எங்கட கல்வெட்டுத்தானடி!” என்று சிரித்தாய். “அப்பா கடை வச்சிருந்தவர். செத்தாப்பிறகு வெண்பாவில நிக்கிறார்.”

பிறகு, மெதுவாக: “அவர் கதைக்கிற மாதிரி ஒரு வரியும் இல்லை. எனக்கு அப்பாட குரல் மறந்துபோகுது.”

அதன்பின் உனக்குப் பிடித்தவை பாப்பிரஸ் நாணல் தாளில் வந்த கடிதங்கள்தான். தூரத்தில் வேலைக்குப் போன மகன்கள், எகிப்தில் இருந்த அம்மாக்களுக்கு, பேச்சுக் கிரேக்கத்தில், பிழைகளோடு எழுதியவை. நீ உன் தமிழில் வாசிப்பாய்: “அம்மா, நான் சுகம். நீங்கள் சுகமோ?” நான் வாசித்தால், “ஐயோ, உன்ர சினிமாத் தமிழ்!” என்பாய்.

வீட்டில் பேசுவது எழுதத் தகாதது என்றே அதுவரை நம்பியிருந்தேன். இப்போது என் அம்மாவுக்குப் பேசுவதுபோலவே எழுதுகிறேன். அது நீ தந்தது.

நேற்று மல்கிரேவில், உங்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், உனக்காக எழுதிய வெண்பாவை வாசித்தேன். தளை தட்டவில்லை. நீதான் அதில் இல்லை.

“வடிவாயிருக்கு, பிள்ளை,” என்றார் அன்ரி, உன் அம்மா.

“கடைசிப் பக்கத்துல அவ பேசற மாதிரி ஏதாவது போடலாமா, அன்ரி?”

“கல்வெட்டிலயோ? சனம் என்ன சொல்லும்?”

கிரேக்க நாடகங்களைப் பற்றிச் சொன்னேன். ஒரே நாடகத்தில் பாடற்குழுவின் பாட்டுக்கு ஒரு மொழிவழக்கு, உரையாடலுக்கு வேறு வழக்கு. யாரும் குறை சொல்லவில்லை. அன்ரி பாதிதான் கேட்டார். நீ உட்காரும் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளிக்கிடேக்க கதவடியில நிண்டு ஒண்டு சொல்லுவாள். அதைப் போடு.”

வெண்பா முதல் பக்கத்தில். கடைசிப் பக்கத்தில், வேறெதுவும் இல்லாமல், போய் வருவதாக நீ சொல்லும் அந்த வரி: “அம்மா, போட்டு வாறன்.”

இவ்வளவும் உன்னிடம் சொல்லிவிட்டு, அச்சகத்துக்கு அனுப்பினேன். பிறகு என் அம்மாவை அழைத்துப் பேசினேன்.