தானே விழுந்த தேதி

மார்ச் 9, திங்கள்

நாளை டாக்டரிடம் போக வேண்டும். அம்மாவுக்குப் புது மாத்திரை தொடங்கி மூன்று வாரம். எந்தெந்த நாள் மயக்கம் வந்தது, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துத்தான் அளவை மாற்றுவார். காலையில் நான் வேலைக்குப் போனபின் தம்பி, மாலையில் நான் என்று செல்போனில் ஒரே குறிப்புச் செயலியில் எழுதுகிறோம். எழுதுவதற்கான டெம்ப்ளேட் படிவம் நான் போட்டது. அவன்தான் பெரிய துரையாயிற்றே, தேதியைக்கூடத் தட்ட வேண்டாம் என்று, செயலியிலேயே இருக்கும், தேதியைத் தானாகப் போடும் ஃபங்ஷனையும் அதில் சேர்த்து வைத்தேன்.

இன்றுதான் அவன் எழுதியதைத் திறந்தேன். காலை 1, காலை 2 என்று இருபத்தொரு குறிப்புகள். அத்தனையிலும் மார்ச் 9. மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு இன்று ஒரே மூச்சில் கதை கட்டியிருக்கிறான். அம்மாவிடம் கேட்டால், "அவன் எங்க வந்தான்?" என்கிறாள். அவளுக்கு மதியம் சாப்பிட்டதே நினைவிருக்காதுதான். ஆனாலும் நாளைக்கு அவனைக் கேட்காமல் விடமாட்டேன்.

மார்ச் 10

குறிப்பைத் திறந்து காட்டும் முன்பே, டாக்டர் முன்னாலேயே கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் நேத்து உக்காந்து எழுதினியா? பெத்தவ உயிர் உனக்கு விளையாட்டா?"

"தினமும் வந்தேன்க்கா."

புளுகன். குறிப்பை நம்ப முடியாவிட்டால் மாத்திரையை மாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். போகட்டும்.

மார்ச் 11

காலையில் அம்மாவைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு வாரம் லீவு போட்டாயிற்று. தம்பியிடமிருந்து ஒரு போன் இல்லை. கல்நெஞ்சன்.

மார்ச் 13

அம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள். நெற்றி வீங்கியிருக்கிறது. இதற்கு முன் எப்போது மயங்கினாள் என்று பார்க்க என் மாலைக் குறிப்பைத் திறந்தேன். மார்ச் 13. அதற்கு முந்தையது? அதுவும் மார்ச் 13.

நான் போட்டது, திறக்கிற நாளின் தேதியைக் காட்டும் ஃபங்ஷன். எழுதிய நாளைக் காட்டுவது பட்டியலில் அடுத்த வரியிலேயே இருக்கிறது. படித்தேனா? ஊரையே திட்டத் தெரிந்த எனக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. சனியன் பிடித்த அவசரம் — என் அவசரம்.

ஒவ்வொரு குறிப்பிலும் அந்த ஃபங்ஷனை மாற்றினேன். தம்பியுடையதில் பிப்ரவரி 17, காலை 8.05. பிப்ரவரி 18, காலை 8.00. ஒரு நாள்கூட அவன் விடவில்லை.

டாக்டருக்கு அனுப்பினேன். உடனே மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

மார்ச் 14

தம்பி வீட்டுக்குப் போய், "தப்பு என் மேலதான்டா" என்றேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா" என்றான். நான் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டான்.

மார்ச் 16

எட்டு மணிக்கு வந்தான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்தான். கருவியும் சுவர்க் கடிகாரமும் அம்மாவும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். நான் அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.